ஐந்தாவது விசில்

ஆஞ்சலாவுக்கு முன்பற்கள் இரண்டு இல்லை. யார் கேட்டாலும் "பாத்ரூம்ல வழுக்கிட்டேன்" என்பாள். பெங்களூர் தொம்மலூரில் அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் இடையே ஒற்றைச் செங்கல் சுவர்தான். எனக்குத் தெரியாதா? அவள் கணவன் குணசேகர் குக்கர் மூடியால் வாயில் அடித்தபோது நான் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தேன். சொல்லவே நாக் கூசுகிறது. சொல்லித்தான் ஆகவேண்டும்.

கோலார் தங்கவயலில் பிறந்தவள் அவள். அப்பா சுரங்கத் தொழிலாளி. அங்கே விபத்துச் சங்கு ஊதினால் பெண்கள் அடுப்பில் இருக்கிற சோற்றை அப்படியே விட்டுவிட்டுச் சுரங்க வாசலுக்கு ஓடுவார்களாம்.

"யாரு வீட்டு ஆம்பளைன்னு யாரும் கேக்க மாட்டாங்கக்கா. சங்கு ஊதுச்சுன்னா ஓடணும், அவ்ளோதான்" என்பாள்.

அந்த நம்பிக்கையோடு இருபத்திரண்டு வயதில் குணசேகரைக் கட்டிக்கொண்டு எங்கள் தெருவுக்கு வந்தாள். முதல் அடி விழுந்த அன்று தொண்டை கிழியக் கத்தினாள். ஒரு கதவும் திறக்கவில்லை. அடிக்கிற கைதான் அணைக்கும் என்று மறுநாள் அவளுக்குப் புத்தி சொன்ன மகராசி நான்தான். பிறகு அவள் கத்துவதையே விட்டுவிட்டாள். பாத்திரம் உருளும், சுவரில் தலை மோதும், அவள் குரல் மட்டும் வராது. அப்படியே பதினான்கு வருடம் ஓடியது.

நானும் அவளும் ஒரு விளையாட்டு உள்ளரங்கில் வேலை பார்த்தோம். போன டிசம்பரில் அங்கே சர்வதேச வில்வித்தைப் போட்டி நடந்தது. பதினெட்டு மீட்டர் தூரத்தில் வரிசையாக இலக்குப் பலகைகள். கிழிந்த காகிதங்களை மாற்றி ஒட்டுவது எங்கள் வேலை. அங்கே எல்லாம் விசில் கணக்கு. இரண்டு அடித்தால் வீரர்கள் கோட்டுக்கு வரவேண்டும். ஒன்று அடித்தால் எய்யலாம். மூன்று அடித்தால் போய் அம்பைப் பிடுங்கலாம். ஐந்து அடித்தால் ஆபத்து என்று அர்த்தம். நாணை இழுத்து நிற்பவர்கூட அந்த நொடியே வில்லை இறக்க வேண்டும். போட்டியை நடத்திய கிருஷ்ணப்பா இதைச் சொன்னதும் ஆஞ்சலாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"எங்க ஊரு சங்கு மாதிரியே இருக்கு சார்!"

பலகைப் பக்கம் நிற்கிறவள் என்பதால் அவள் கழுத்திலும் அவசரத்துக்கு ஒரு விசிலை மாட்டிவிட்டார்கள்.

குணசேகருக்கு இது ஒன்றும் பிடிக்கவில்லை. ஊர் ஊராக வந்த ஆண்கள் நடுவே இவளுக்கு என்ன வேலை என்று கேட்டான். இரண்டாம் நாள் காலை சுவருக்கு அந்தப் பக்கம் அவன் கத்தியது எனக்குத் தெளிவாகவே கேட்டது.

"வேலைய விடு, இல்ல உசுர விடு. ரெண்டுல ஒண்ணு."

ஆஞ்சலா வேலைக்கு வந்தாள். உதடு வீங்கியிருந்தது. பதினோரு மணிக்கு, வீராங்கனைகள் எய்துகொண்டிருக்கும்போது, பின்கதவைத் தள்ளிக்கொண்டு அவன் உள்ளே வந்தான். நான் எதிர்ப்பக்கத்தில் இருந்தேன். அவள் முடியைக் கையில் சுற்றிப் பிடித்து, முகத்தைக் கம்பித் தூணில் மோதினான். ஒரு தடவை, இன்னொரு தடவை. மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. உதறிக்கொண்டு அவள் திரும்ப, அவன் அவள் இடுப்பில் உதைத்தான். ஓரத்தில் தொங்கிய வலையோடு சேர்ந்து அவள் பலகைகளுக்கு முன்னால் போய் விழுந்தாள்.

ஓர் அம்பு அவள் தலைக்கு மேலே போய்ப் பலகையில் குத்தியது. அவள் எழவில்லை. படுத்தபடியே விசிலை வாயில் வைத்தாள். ஐந்து முறை ஊதினாள்.

இருபது வில்களும் ஒரே நேரத்தில் இறங்கின. கூடம் அப்படியே நின்றுவிட்டது. கிருஷ்ணப்பாவும் நான்கு பேரும் ஓடினார்கள்.

"என் பொண்டாட்டி சார். இது எங்க வீட்டு விஷயம்" என்றான் குணசேகர்.

"அஞ்சு விசில் அடிச்சாச்சு. இப்ப இது எங்க விஷயம்" என்று சொல்லிக் கிருஷ்ணப்பா அவன் கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கினார். எலும்பு நொறுங்கியதோ என்னவோ, அவன் அலறினான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

போட்டி முடிந்தும் ஆஞ்சலா அந்த விசிலைக் கழற்றவில்லை. பிடித்துக்கொண்டு போன போலீஸ்காரர்கள் அவனை எவ்வளவு நாள்தான் வைத்திருப்பார்கள்? ஒன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கையில் கட்டோடு வந்து நின்றான். நான் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அலமாரி சாய்ந்தது. கண்ணாடி உடைந்தது. என் கை பழக்கதோஷத்தில் டிவி ரிமோட்டைத் தேடியது.

அப்போது விசில் கேட்டது. ஒன்று. இரண்டு. மூன்றாவது பாதியில் அறுந்தது, மறுபடி வந்தது. நான்கு. ஐந்து.

பூரிக்கட்டையோடு ஓடினேன். கதவு தாழிடவில்லை. அவள் கழுத்தை ஒரு கையால் நெரித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்து, "நீ போக்கா, இது எங்க வீட்டு..." என்று ஆரம்பித்தான். முடிக்க விடவில்லை. வாயிலேயே போட்டேன். பல் தெறித்தது. விழுந்தவன் முட்டியில் இன்னொன்று போட்டேன். திரும்பிப் பார்த்தால் வாசலில் எதிர்வீட்டு லட்சுமம்மா துடைப்பத்தோடு நிற்கிறாள், அவளுக்குப் பின்னால் தெருவே நிற்கிறது.

ஆஞ்சலா சுவரோரம் குந்திக்கொண்டு இன்னும் ஊதிக்கொண்டே இருந்தாள். ஏழு, எட்டு, ஒன்பது.

"போதும்டி. வந்துட்டோம்" என்றேன்.

அவள் நிறுத்தவில்லை. பதினான்கு வருடத்துக்கும் சேர்த்து ஊதினாள்.