மேடையில் நான் எடுத்த பக்கம்

பட்டிமன்றத்தில் எந்தப் பக்கம் கொடுத்தாலும் பேசுவேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. இராமநாதபுரத்தில் பள்ளிக்கூட வேலை போக, திருவிழா மேடைகளில் ஏறிப் பழகியவள். இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் ஊர்ப் பக்கம் அபிராமத்தில் கூப்பிட்டார்கள். கொலைகாரனுக்குத் தூக்கா, சாகும்வரை சிறையா என்பது தலைப்பு. தூக்கு அணியில் ஆள் நிறைந்துவிட்டது, நீங்கள் சிறைப் பக்கம் பேசுங்கள் டீச்சர் என்றார்கள். சரி என்றுவிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

என் தம்பி மகனை வெட்டிக் கொன்றவனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்து அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை. பத்தொன்பது வயதுப் பிள்ளை. வரப்புத் தகராறில் பக்கத்துக் காட்டுக்காரன் கண்மாய்க்கரையில் மறித்து வெட்டினான். தீர்ப்பன்று, இவனைத் தூக்கில் போடாமல் சோறு போட்டு வளர்க்கவா ஜெயில் இருக்கிறது என்று கோர்ட்டு வாசலில் கத்தியவள் நான். தம்பியோ, தூக்கு கேட்டு மேல்கோர்ட்டுக்குப் போக வக்கீல் எழுதிக்கொடுத்த தாளைக் கையெழுத்துப் போடாமல் சட்டைப் பையிலேயே வைத்துத் திரிந்தான்.

மேடையில் நன்றாகத்தான் பேசினேன். கயிறு ஒரு நிமிடத்தில் முடித்துவிடும், ஒவ்வொரு விடியலிலும் அவன் செய்ததை நினைத்து எழட்டும் என்றேன். அவனைப் பெற்றவளும் ஒரு தாய்தானே, அந்த வீட்டிலும் ஒப்பாரி வைத்தால் நம் பிள்ளை எழுந்து வருவானா என்றேன். ஒரே கைதட்டல். நடுவரும் எங்கள் பக்கமே தீர்ப்புச் சொன்னார். சால்வையோடு இறங்கும்போதுதான் கடைசி வரிசையில் தம்பியைப் பார்த்தேன்.

மறுநாள் காலை அவனைத் தேடிக் களத்துக்குப் போனேன். காயப்போட்ட மிளகாயைக் கிளறிக்கொண்டே கேட்டான்.

"நேத்து நெசமாத்தான் பேசுனியாக்கா, இல்ல மேடைக்காகப் பேசுனியா?"

மேடைக்காக என்று சொல்லியிருக்க வேண்டும். வாங்கிய கைதட்டல் வாயை அடைத்தது. நிஜம்தான் என்றேன்.

சட்டைப் பையிலிருந்த தாளை எடுத்துக் கிழித்தான். எனக்கும் மனசில் அதுதான் இருந்தது, நீ சொல்லவும்தான் தைரியம் வந்தது என்றான். அன்று மத்தியானம் பல மாதங்களுக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டான்.

போன மாதம் அந்தக் கொலைகாரனின் அம்மா செத்துப்போனாள். போலீஸ் காவலோடு அவனைக் கொண்டுவந்திருந்தார்கள். தம்பி கையில் மாலையோடு என்னைக் கூப்பிட வந்தான். எந்த முகத்தோடு அந்த வீட்டு வாசலை மிதிப்பது என்று சீறினேன்.

"பெத்தவளும் ஒரு தாய்தானேன்னு நீதானக்கா சொன்ன. வா."

போனேன். துக்கம் கேட்க வருபவர்கள் துக்க வீட்டு ஆண்களின் கையைத் தொட்டுவிட்டு நகர்வது எங்கள் பக்கத்து வழக்கம். வாசலில் அவன் தலை குனிந்து கையை நீட்டியபடி நின்றான். என் பிள்ளையை வெட்டிய கை. தம்பி அதைத் தொட்டான். தொட்டுவிட்டு, வா என்று என்னைத் திரும்பிப் பார்த்தான்.

என் கை எழவில்லை. மயக்கம் வருவதாகச் சொல்லி வெளியே வந்துவிட்டேன். வழி நெடுகத் தம்பி, வெயில் சேரவில்லையா அக்கா, சோடா வாங்கட்டுமா என்று கேட்டுக்கொண்டே வந்தான். அந்தக் கொலைகாரனைத் தூக்கில் போட்டிருக்க வேண்டும் என்று தம்பியிடம் இன்றுவரை நான் சொல்லவில்லை.