வீனிங் என்றால் பால்குடி மறக்கடித்தல்

அத்தான் நிமோனியாவில் விழுந்து செம்பூர் ஆஸ்பத்திரி ஒன்றின் ஐசியூவில், வென்டிலேட்டர் குழாயை வாயில் கவ்வியபடி கிடந்தபோது, குடும்பத்தின் மொழிபெயர்ப்பாளனாக என்னை நியமித்தார்கள். தகுதி: வீட்டில் புத்தகம் நிறைய வைத்திருக்கிறேன். அதில் ஒன்றாவது மருத்துவப் புத்தகமா என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பதவியேற்ற அன்றே கட்டிலருகே ஒரு பெட்டி அலறியது. நான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டேன். நர்ஸ் நிதானமாக வந்து, மருந்து தள்ளும் பம்பில் தீர்ந்துபோன சிரிஞ்சை மாற்றிவிட்டுப் போனாள்.

"நீ எதுக்குல நடுங்குத?" என்றாள் அக்கா. "டாக்டர்ட்ட ஒண்ணே ஒண்ணு கேளு. அவிய இனி தானா மூச்சு விடுவாவளா?"

கேட்டேன். "கல் ஸே வீனிங் ஷுரூ கரேங்கே" என்றார் டாக்டர், நாளையிலிருந்து தொடங்குவோம் என்று. வீனிங்! கடைசியில் எனக்குத் தெரிந்த ஒரு வார்த்தை.

"அது பிள்ளைக்குப் பால்குடி மறக்கடிக்கிறதுதான்க்கா. அத்தானுக்கு மெஷின மறக்கடிக்கப் போறாவ. அது காத்துத் தள்ளுறதக் கொஞ்சங்கொஞ்சமாக் கொறப்பாவ. மிச்சத்த அவரே இழுக்கணும். இழுத்துட்டா குழாய எடுத்திருவாவ."

அக்கா பல நாளுக்குப் பிறகு சிரித்தாள். "சின்னவனுக்கு வேப்பெண்ணெ தடவுனேன். இவியளுக்கு எதத் தடவுவாவளாம்?"

அந்தச் சிரிப்பு தந்த மிதப்பில் உல்லாஸ்நகர் சித்தப்பாவுக்குப் போன் போட்டேன், அதுவும் லிஃப்டுக்குள்ளிருந்து. "சித்தப்பா, அத்தானுக்கு நாளைக்குப் பால்…" என்பதுவரை அவருக்குக் கேட்டிருக்கிறது. மீதி விளக்கத்தை லிஃப்ட் கேட்டுக்கொண்டது. ஐசியூவையும் பாலையும் சேர்த்துச் சொன்னால் எங்கள் ஆட்களுக்கு ஒரே அர்த்தம்தான்: போகிற உயிருக்கு வாயில் ஊற்றும் கடைசிப் பால்.

மறுநாள் காலையில் லாபியில் சித்தப்பா, சித்தி, தாராவியிலிருந்து வழியில் சேர்த்துக்கொண்ட ஒரு ஜீப் நிறைய சொந்தம். சித்தப்பா கையில் வெள்ளிக் கிண்ணமும் பால் பாக்கெட்டும். சித்தி ஒப்பாரிக்குக் குரலெடுத்தாள்.

"ஏ மௌஸி, ரோனா நஹி! அந்தர் பேஷண்ட் ஹை!" என்று அழுகையை நிறுத்த வாட்ச்மேன் ஓடிவந்தான்.

"பேஷண்டே போயாச்சு, ஒனக்கு என்னய்யா?"

டீ கிளாஸுடன் அக்கா வந்து நின்றாள். "யாரு போயிட்டா சித்தி?"

"ஏட்டி, ஒந்தம்பிதான் பால் ஊத்தணும்னு போன் போட்டான்" என்றார் சித்தப்பா.

"மறக்கடிக்கன்னுல்லா சொன்னேன்!" என்றேன்.

"இந்த வயசுல அவருக்கு எதடா மறக்கடிக்க?"

அக்கா என்னைப் பார்த்த பார்வையை மொழிபெயர்க்க எந்தப் புத்தகமும் தேவைப்படவில்லை. அதற்குள் நர்ஸ் எட்டிப் பார்த்து, அத்தானின் மனைவி மட்டும் உள்ளே வரலாம் என்றாள். சித்தி அழுகையைப் பாதியில் நிறுத்திவைத்தாள்.

அக்கா வெளியே வந்தபோது முகமெல்லாம் ஈரம்.

"விடியக்காலமே கொறைக்க ஆரம்பிச்சு, இப்பக் குழாய எடுத்தாச்சு. தானா மூச்சு விடுதாவ. தொண்ட கம்மிப்போயி, கீச்சுக்குரல்ல பேசவும் செய்யுதாவ."

"என்ன சொன்னார்?" என்றேன்.

"வெளிய என்ன கூட்டம்னு கேட்டாவ. சித்தப்பா எல்லாரையும் கூட்டிட்டு வந்திருக்காவன்னேன். என்ன விசேஷம்னாவ." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அத ஒன்ட்டயே கேட்டுக்கிடச் சொல்லிட்டேன். நர்ஸ்ட்ட சொல்லிட்டேன், உள்ள போ."