தென்மூலைத் தடம்

ராணிப்பேட்டை டென்னிஸ் கிளப்பில் தரை மெழுகியவர் அருணகிரி. புல் வளர்க்க அந்த வெயிலில் தண்ணீர் ஏது? செம்மண்ணை இடித்து இறுக்கி, மேலே சாணிக் கரைசல் பூசிக் காயவிட்டால் தரை கல்லாகிவிடும். பந்து அதில் சீறிக்கொண்டு போகும். வலையருகே பாய்ந்து வந்து அடிக்கும் துரைமார்களுக்குக் கொண்டாட்டம்.

தோல் கிடங்கு குமாஸ்தா கலீமுல்லாவின் ஆட்டம் வேறு. பின்னால் நின்று, பந்தைத் திருப்பித் திருப்பி அனுப்பியே எதிராளியைப் பேஜாராக்குவார். பந்து மட்டும் மெதுவாக எழும்பி வந்தால் அவரை அசைக்க ஆளில்லை. 1931இல் ஒரு துரையோடு இறுதி ஆட்டம் அவருக்கு வாய்த்தது. நம்மவர் ஒருவர் அந்தக் கோப்பையைத் தூக்கிவிட வேண்டும் என்று அருணகிரிக்கு ஆசை. ஆசை என்ன ஆசை, வெறி.

முந்தின நாள் காலையில், யாரிடமும் சொல்லாமல், தோல் ஊறிய தொட்டிகளிலிருந்து கழித்துக் கொட்டிய ஆவாரம்பட்டைத் தூளை அள்ளிவந்து மண்மேல் பரப்பி, அதை மறைத்துச் சாணி மெழுகினார். தரை மெத்தென்று ஆனது. நினைத்தபடியே பந்து நின்று எழும்பியது. முதல் செட் கலீமுல்லாவுக்கு. அருணகிரிக்குத் தலைகால் புரியவில்லை. பட்டை லேசில் ஈரத்தை விடாது என்பதை மட்டும் அந்தப் புத்திசாலி மறந்துவிட்டார். இரண்டாவது செட்டில் தென்மூலைக்கு ஓடிய கலீமுல்லாவின் பூட்ஸ் குதிகால் பூச்சைக் கிழித்து உள்ளே வழுக்கியது. முழங்கால் முறிந்த சத்தம் வேலி வரைக்கும் கேட்டது.

அதன்பிறகு அவர் கோலூன்றித்தான் நடந்தார். அருணகிரி பட்டையையெல்லாம் வாரிக் கொட்டிவிட்டுப் புது மண் இடித்தார். ஆனாலும் அந்த மூலையை மெழுகிக் காயவிட்டால் அவர் கண்ணுக்கு ஒரு பூட்ஸ் தடம் தெரியும். தடவிப் பார்த்தால் தரை சமமாகவே இருக்கும். முதுகுக்குப் பின்னால் மளுக்கென்று கேட்கும்.

நான்கு வருஷம் பொறுத்தார். பிறகு கலீமுல்லாவின் வீட்டுக்கே போய், பட்டை போட்டது தான்தான் என்று சொல்லி அழுதார். காறித் துப்பட்டும் என்றுதான் போனார்.

கலீமுல்லா கோபப்படவில்லை.

"தெரியும்ண்ணா. கால் வெச்சதுமே பட்டை வாசனை வந்துச்சு. கிடங்குல இருக்கறவனுக்குத் தெரியாதா? ஆட்டத்த நிறுத்தச் சொல்லியிருக்கலாம். பந்து நல்லா நின்னு வந்துச்சு. எனக்கு வாய் வரல."

திட்டியிருந்தாலாவது பாரம் இறங்கியிருக்கும். மறுநாள் அருணகிரி தென்மூலையை மெழுகிவிட்டுக் காத்திருந்தார். காய்ந்தபோது பூட்ஸ் தடத்தின் பக்கத்திலேயே ஒரு வெறுங்கால் தடமும் தெரிந்தது. தன் காலை எடுத்து அதில் வைத்தார். அளவு சரியாக இருந்தது.