ஏரம்புவின் உலகச் செய்தி

காங்கேசன்துறையில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த ஏரம்புவுக்கு உலகத்தில் தெரியாத விஷயமே இல்லை. கடையில் சாமிப் படத்துக்கும் மேலே ரேடியோ இருந்தது. செய்தி முடிந்ததும் அதன் சத்தத்தைக் குறைத்துத் தன் சத்தத்தைக் கூட்டுவார். எகிப்துக்காரன் கால்வாயை எப்படிப் பறித்தான், வியட்நாமில் அமெரிக்கன் எங்கே பிழை விட்டான், எல்லாம் தேத்தண்ணியோடு இலவசம். மறுத்துக் கதைத்தால் அடியும் இலவசம்.

சந்திரனில் மனிதன் இறங்கிய வருஷம், மீன்பிடிக்கும் சந்தியோகு சிரித்துவிட்டான்.

"உதெல்லாம் புளுகு அண்ணை."

"ரேடியோ பொய் சொல்லுமோடா?" என்று ஏரம்பு வீசிய பித்தளைச் செம்பு அவன் வாயில் பட்டது. முன்பல் இரண்டும் இரத்தத்தோடு மேசையில் விழுந்தன. அப்படிப்பட்ட முரடர் அந்த மனுஷன். ஆனாலும் செய்தி கேட்க எங்களுக்கு வேறு கடை இருக்கவில்லை.

எழுபத்தேழாம் ஆண்டு ஆவணியில், கொழும்பில் வேலை பார்த்த அவர் தம்பி கனகரத்தினம் மாவிட்டபுரம் தேருக்கு வந்திருந்தான். தாய் தகப்பன் இல்லாதவனை ஏரம்புதான் தூக்கி வளர்த்தார். அவருக்கு இருந்த ஒரே சொந்தமும் அவன்தான். தெற்கில் தமிழருக்கு அடி விழுகிறது என்று ஊருக்குள் கதை வந்தது.

"ரெண்டு நாள் பொறுத்துப் போறன் அண்ணை," என்றான் தம்பி.

"ரேடியோவிலை ஒரு சொல்லும் இல்லை. சந்திக் கதையை நம்பி வேலையை விடப்போறியோ, பயந்தாங்கொள்ளி?"

தானே கொண்டுபோய் ரெயிலில் ஏற்றிவிட்டார்.

மறுநாள் சந்தியோகு மூச்சிரைக்க ஓடிவந்தான். "அண்ணை, ரெயிலை மறிச்சு எங்கடை ஆக்களை இறக்கி அடிக்கிறாங்களாம். தப்பி வந்தவன் சொன்னவன்."

"ரேடியோ சொல்லேல்லை!" ஏரம்பு அவன் முகத்தில் குத்தினார். விழுந்தவனின் நெஞ்சில் ஏறி மிதித்தார். பயத்தில்தான் மிதித்தார், எங்களுக்கு விளங்கியது. மிதிக்கும்போதும் கண் ரேடியோவில்தான் இருந்தது. அது பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தது. நாலு பேர் சேர்ந்துதான் அவரை இழுத்து எடுத்தோம்.

பிறகு தெற்கிலிருந்து தமிழ் அகதிகளை ஏற்றிய கப்பல் துறைமுகத்துக்கு வந்தது. முகம் வீங்கிக் கறுத்த ஒருவன் ஏரம்புவுக்கு முன்னால் வந்து நின்றான். யாரென்று அவருக்குத் தெரியவில்லை. அவன் போட்டிருந்த, தேருக்கென்று தான் எடுத்துக்கொடுத்த சேட்டைப் பார்த்துத்தான் தம்பியை அடையாளம் கண்டார். அந்த முரடர் அங்கேயே குழறி அழுதார்.

அடுத்த நாள் கடை நிறைய ஆட்கள். நிலைமை வழமைக்குத் திரும்பிவிட்டதாகச் சொல்லிச் செய்தி முடிந்தது.

"என்னவாம் அண்ணை?" என்று யாரோ கேட்டார்கள்.

ஏரம்பு ரேடியோவை நிறுத்தினார். தம்பியைக் கையில் பிடித்து நடுவே கொண்டுவந்து நிறுத்தினார்.

"வாயைத் திற ராசா. இவையளுக்குக் காட்டு."

கனகரத்தினம் திறந்தான். முன்வரிசையில் ஒரு பல்லும் இல்லை.

வாசலில் சந்தியோகு நின்றிருந்தான். அவனுடைய கை தானாக எழுந்து தன் வாயைப் பொத்திக்கொண்டது.

ஏரம்பு அதைக் கண்டார். தம்பியின் கையை விட்டுவிட்டு வாங்குப் பலகையில் போய் இருந்தார். அதன்பிறகு அந்தக் கடையில் ஒருநாளும் அவர் செய்திக்கு விளக்கம் சொல்லவில்லை.