நர்சம்மா சைக்கிளுக்கு வைத்த கம்பி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் கோவையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஒன்றைச் சொல்லும்போது இன்னொன்று மறந்துபோகும். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவும் கூச்சம், அதனால்தான் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோபம் இருந்தால் பொறுக்க வேண்டாம், அது பிழையில்லை.

என் மகள் வயிற்றுப் பேத்தி கோயமுத்தூரில் வேலை பார்க்கிறாள். எங்கேயோ ஒரு பழைய ரேஸ் சைக்கிளின் வெறும் பிரேமை வாங்கிக்கொண்டு, கேரள எல்லைக்குள் இருக்கிற எங்கள் ஊர் வடகரப்பதிக்கு வந்து, எங்கள் மாட்டுக்கொட்டகையில் வைத்து ஒவ்வொரு சாமானாகத் தேடி மாட்டிக்கொண்டிருக்கிறாள். போன வாரம் சக்கரத்துக்குக் கோட்டம் எடுக்க வராமல் திணறினாள். நான் ஒரு சாக்குக்கட்டியை எடுத்து, சுற்றுகிற ரிம்முக்குப் பக்கத்தில் அசையாமல் பிடித்தேன். எங்கே வெள்ளை ஒட்டுகிறதோ அங்கே எதிர்ப்பக்கத்துக் கம்பியை முறுக்க வேண்டும்.

"அம்மாயி, இது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள்.

சாக்குக்கட்டி என் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. வயசாகிவிட்டது என்று நினைத்து என்னைக் கட்டிலில் உட்கார வைத்துவிட்டாள்.

எனக்கு அப்போது பத்து வயது. ஊரில் இருந்த தமிழ்ப் பள்ளிக்கூடம் ஐந்து வரைதான். ஆறாம் வகுப்பைத் தமிழில் படிக்க வெகுதூரம் போக வேண்டும். அண்ணன் அங்கேதான் நடந்து போய்க்கொண்டிருந்தான், போகாத நாள்தான் அதிகம். பெண்பிள்ளையை அவ்வளவு தூரம் நடக்க விடமாட்டேன் என்றார் அப்பா. அந்தச் சமயத்தில்தான் ஆஸ்பத்திரி நர்சம்மா ஓட்டிய சைக்கிள் பழைய இரும்புக்காரரிடம் கிடப்பதாக அம்மா கேள்விப்பட்டாள். நர்சம்மா மாற்றலாகிப் போய்விட்டார். சைக்கிளுக்குச் சக்கரம் இல்லை, சீட் இல்லை. சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவே போகிற பாரும் இல்லை. பொம்பளை வண்டி என்று ஒருவரும் தொடவில்லை.

"ஏனுங்க, பாரில்லாததுங்க. புள்ளை பாவாடையோட ஏறி எறங்கிக்குவா. வாங்கிப் போடுங்க" என்றாள் அம்மா.

அப்பா வாங்கிப் போட்டார். யாருக்கு என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பாரில்லாத வண்டி வேறு யாருக்கு?

அம்மாவின் தம்பி, என் மாமன், கொழிஞ்சாம்பாறையில் சைக்கிள் வேலை கற்றவர். ஞாயிற்றுக்கிழமை வருவார். அவரும் நானும் சேர்ந்துதான் அந்த வண்டியைக் கட்டினோம். செங்கல் பொடியும் மண்ணெண்ணெயும் போட்டு நான் துருவைத் தேய்த்தேன். ஒரு ரிம் நான் குச்சியால் உருட்டி விளையாடியது, இன்னொன்று டீக்கடைக் கூரைமேல் கிடந்தது. ஹேண்டில் கோணல், உரலில் வைத்து நிமிர்த்தினோம். ஒரு பெடலுக்கு இரும்பு, இன்னொன்றுக்கு வேப்பங்கட்டை. அச்சுக்குள்ளே கிரீஸ் தடவிக் குண்டுமணி குண்டுமணியாக இரும்புக் குண்டுகளை வைக்கிற வேலை என்னுடையது.

"அம்மிணி, உன்ற விரலு எனக்கிருந்தா நான் சொந்தக் கடையே வெச்சிருப்பேன்" என்பார் மாமன்.

அண்ணன் கட்டிலில் படுத்துக்கொண்டே என்னைக் கேலி பேசுவான். "ஏனாத்தா, வண்டி கட்டறியா தேர் கட்டறியா? ரெண்டும் ஊரே கூடி இழுத்தாத்தான் நவுரும்."

"நீ எந்திரிச்சு வந்து ஒரு கம்பியப் புடி மாப்ளே, சீக்கிரம் நவுரும்" என்பார் மாமன். அண்ணன் திரும்பிப் படுத்துக்கொள்வான்.

கடைசியில் வண்டி நகர்ந்தது. தென்னந்தோப்பிலிருந்து வாய்க்கால் வரைக்கும் நான்தான் ஓட்டினேன். அம்மா பால் கறப்பதை விட்டுவிட்டு எழுந்து நின்று பார்த்தாள். மடியிலிருந்து வழிந்த பால் மண்ணில் சொட்டியது, அவளுக்கு அது தெரியவில்லை.

"பெயிண்ட் அடிச்சுக் கொண்டாறேன்" என்று மாமன் எடுத்துப் போனார். மறுபடி கொண்டுவந்தபோது வண்டி பளபளவென்று கறுப்பாக இருந்தது. சீட்டுக்கடியிலிருந்து ஹேண்டில் வரைக்கும் ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. பட்டறையில் பற்றவைத்த இடம் மட்டும் பெயிண்டுக்கு அடியில் கட்டி கட்டியாகத் தெரிந்தது.

"இதென்ன மாமா கம்பி?"

"பாருதான் அம்மிணி. பாரில்லாத வண்டில உங்கண்ணன் போனா ஊரு சிரிக்குமல்லோ."

"வண்டி எனக்குத்தானே?"

மாமன் அப்பாவைப் பார்த்தார். அப்பா பாரைத் தட்டிப் பார்த்துக்கொண்டே, "உனக்கெதுக்கு? அஞ்சு படிச்சாச்சு. கையெழுத்துப் போடத் தெரியுமல்லோ, போதும்" என்றார்.

"அழுவாதே, நான் பின்னாடி வெச்சுக் கூட்டீட்டுப் போறேன், பால்கேனோட" என்றான் அண்ணன்.

எல்லாரும் சிரித்தார்கள். ஆண்பிள்ளை பாரில்லாத வண்டியில் போனால் ஊர் சிரிக்குமாம். ஒரு பிள்ளையின் படிப்பு நின்றதற்கு எந்த ஊரும் சிரிக்கவில்லை, அழவும் இல்லை. இதை எழுதும்போதும் எனக்குப் பல் கடிபடுகிறது. நான் கோட்டம் எடுத்த சக்கரம், நான் குண்டு வைத்த அச்சு! நான் ஏற முடியாமல் செய்ய ஒரு முழக் கம்பி போதுமாயிருந்தது.

நான் அம்மாவைப் பார்த்தேன். ஏதாவது கேட்பாள் என்று நினைத்தேன். அவள் பாரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "சோறு ஆறுது, வந்து உண்ணுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அப்பாமேல் இருந்ததைவிட அவள்மேல் எனக்கு ஆத்திரம் அதிகம். அவள்தானே வாங்கச் சொன்னவள்?

அண்ணன் அடுத்த வருசமே படிப்பை விட்டான். வண்டி பால்கேன் சுமந்தது. சந்தைக்குப் போக அண்ணன் அம்மாவைக் கேரியரில் ஏறச் சொல்வான். "எனக்கு அது ஆவாது" என்று அம்மா வெயிலில் நடந்தே போவாள். அவளுக்குச் சைக்கிளைக் கண்டால் பயம் என்று ஊரே சொல்லிச் சிரித்தது. நானும் அப்படித்தான் நம்பினேன்.

ஒருமுறை அவளுக்குக் கடுமையான காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அண்ணன் கேரியரில் சாக்கை மடித்துப் போட்டு, "ஏறும்மா, மெதுவா ஓட்டறேன்" என்று கெஞ்சினான். அம்மா ஏறவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அண்ணன் வெறும் வண்டியைத் தள்ளிக்கொண்டு கூடவே வந்தான். வழியில் ஒரு பனைமரத்தடியில் நின்றாள். கையை நீட்டிச் சைக்கிளின் பாரைப் பிடித்தாள். பற்றவைத்த கட்டிமேல் அவள் கட்டைவிரல் முன்னும் பின்னும் போனது. அப்புறம் கையை எடுத்து, சேலையில் துடைத்துக்கொண்டு நடந்தாள்.

தலை சுற்றிப் பிடித்துக்கொண்டாள் என்றுதான் நான் நினைத்தேன்.

இதில் தப்பு நிறைய இருக்கும். எந்தப் பக்கத்துக் கம்பியை முறுக்க வேண்டும் என்று சரியாகச் சொன்னேனா என்பதைப் பேத்தி பார்த்துத் திருத்தட்டும். நர்சம்மா வண்டி முதலில் பச்சையா நீலமா என்பதும் எனக்கு மறந்துவிட்டது. அண்ணன் உயிரோடுதான் இருக்கிறான், யாராவது அவனிடம் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்குச் சைக்கிள் என்றால் பயம் என்று அவன் இன்றைக்கும் சொல்வான். அதை மட்டும் எழுதிக்கொள்ள வேண்டாம்.