சந்தனம் அடைத்த துளை

அன்று ஆரல்வாய்மொழிச் சாலையில் நானும் அத்தானும் மட்டுமே இருந்தோம். வண்டி பழுது பார்க்கத் தெரிந்தவர் யாரும் இல்லை. வீட்டில் முதலில் படித்தவனான என்னை வாத்தியார் வேலைக்காகப் பத்து மணிக்கு நாகர்கோவிலுக்கு வரச்சொல்லியிருந்தார்கள். அத்தானின் பழைய மோட்டார் சைக்கிளுக்கு அம்மா சந்தனம் அப்பி அனுப்பியிருந்தாள்.

அரை மைலுக்கு ஒருமுறை எஞ்சின் இருமி நின்றது. பிளக்கைக் கழற்றித் துடைப்பேன். கொஞ்சம் ஓடும், மறுபடி நிற்கும்.

“ஏலே மக்கா, பத்து வருசம் படிச்சியே, இதுக்கு அதுல மருந்தில்லியா?” என்றார் அத்தான். நான் மறுபடி பிளக்கைக் கழற்றினேன்.

கடைசியில் பெட்ரோல் தீர்ந்ததோ என்று அவர் டாங்கி மூடியைத் திறந்தார். புஸ்ஸென்று காற்று உள்ளே போனது. மூடியின் காற்றுத் துளையைச் சந்தனம் அடைத்ததால்தான் பெட்ரோல் இறங்கவில்லை.

போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு. வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அம்மா இன்றும் என் வண்டிக்குச் சந்தனம் வைக்கிறாள்; அவளிடம் காரணம் சொல்லவில்லை. தெரு திரும்பியதும் நிறுத்தி, ஈர்க்குச்சியால் மூடித் துளையைக் குத்திவிடுகிறேன். அன்று போனது மாதம் பதினைந்து ரூபாய்ச் சம்பளம்.