மூக்குத்தி இல்லாத முகம்

அக்கா காணாமல் போன அன்று எங்கள் வீட்டில் முதலில் பேசியது அவள் எங்கே போயிருப்பாள் என்பதைப் பற்றி அல்ல, யாருக்கெல்லாம் தெரியக் கூடாது என்பதைப் பற்றி. அவளை அம்மாவின் தம்பிக்கே பேசி முடித்திருந்தார்கள். மாமாவுக்குப் படவேட்டில் பூஜைச் சாமான் கடை. போலீசுக்குப் போனால் ஊர் சிரிக்கும் என்றார் அவர். அப்பா தலையாட்டினார். அவருக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். அதனால் ஜவ்வாது மலை ஏறி, குறி சொல்கிற பெண்ணிடம் போனோம்.

அவளுக்கும் என் வயதுதான் இருக்கும், பதினேழு. அவள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. குறி கேட்க வந்தவர் வாயைத் திறக்கக் கூடாது. எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டு உட்கார வேண்டும். வந்த விஷயத்தை அவளே சொல்வாள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வெளியே வேப்பமரத்தடியில் காத்திருக்கும்போது எல்லாரும் பக்கத்தில் இருப்பவரிடம் முழுக்கதையையும் கொட்டிவிடுகிறார்கள். அம்மாவும் கொட்டினாள். அந்தப் பெண்ணின் தாய் சொம்பில் தண்ணீர் கொடுத்துக்கொண்டே நடமாடினாள். அவள் காதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே போனதும் அந்தப் பெண் தலையை ஆட்டினாள், கண்ணைச் செருகினாள். ஊரே பயப்படும் எங்கள் மாமாவை ‘டேய்’ என்றாள். அவர் கைகட்டி நின்றார். அது ஒன்றுதான் எனக்குப் பிடித்தது.

“பொண்ணைத் தேடி வந்துகீற. மூக்கு மூளியா நிக்குறாடா. தேடாத. தேடினா உனக்குக் கெடைக்க மாட்டா.”

அம்மா அங்கேயே விழுந்து அழுதாள். அக்கா வயதுக்கு வந்த நாளிலிருந்து அந்த ஏழு கல் மூக்குத்தியைக் கழற்றியதே இல்லை. எங்கள் பக்கம் பிணத்துக்குத்தான் மூக்குத்தியைக் கழற்றுவார்கள். அதனால் செத்துவிட்டாள் என்று அம்மாவே முடிவு செய்துவிட்டாள். மாமாவும் அப்பாவும் அதையே பிடித்துக்கொண்டார்கள். பெண் ஓடிப்போனாள் என்பதைவிட அவர்களுக்கு அது சௌகரியம்.

மற்றதையெல்லாம் அந்தப் பெண்ணின் தாய் மரத்தடியில் ஒட்டுக்கேட்டிருக்கலாம். மூக்கு மூளி என்று அங்கே யாரும் சொல்லவில்லை. அது இவளுக்கு எப்படித் தெரியும்? ஒன்று, அக்காவைக் கொன்றவனை இவளுக்குத் தெரியும். இல்லையென்றால் இவளே அக்காவைப் பார்த்திருக்கிறாள். சாமி காட்டியது என்பதை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை.

அம்மா சோறு தின்பதை நிறுத்தியிருந்தாள். வகுப்புக்குப் போவதாகச் சொல்லிவிட்டு மறுபடி பஸ் ஏறினேன். அன்று குறி சொல்கிற நாள் இல்லை. அவள் வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள்.

“எங்க அக்காவை இன்னா பண்ணீங்க?” என்றேன்.

அவள் முறத்தைக் கீழே வைக்கவில்லை. “கத்தாத. உள்ள வா.”

அக்கா குறி கேட்கத்தான் வந்தாளாம், மாமாவைக் கட்டிக்கொள்ளலாமா என்று. இவள் ஒன்றும் சொல்வதற்குள் அவளே அழுது, அவளே முடிவெடுத்துவிட்டாளாம். அந்த மூக்குத்தி இருந்தால் பஸ் ஸ்டாண்டில் யாராவது அடையாளம் கண்டுகொள்வார்கள் என்று இங்கேயே கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு, முக்காடு போட்டுத் திருப்பத்தூர் பஸ் ஏறியிருக்கிறாள். போய்ச் சேர்ந்ததும் இவள் தாயின் போனுக்குப் பேசினாளாம்.

“அப்போ சாமி, அருளு, எல்லாம் நடிப்பா?”

“செல நாளு வரும். அன்னிக்குத் தேவைப்படல. ஒங்க மாமன் மூஞ்சைப் பாத்ததும் வாயில வந்துச்சி, சொல்லிட்டேன். மூக்கைப் பத்திச் சொன்னதுதான் தப்பு.”

நம்பவில்லை. கதை கட்டுவது அவள் தொழில். குரலைக் கேட்காமல் போக மாட்டேன் என்று நடுவீட்டில் உட்கார்ந்துவிட்டேன். கடைசியில் தன் தாயின் பட்டன் போனை எடுத்து, நம்பர் தெரியாதபடி திரும்பி நின்று அழுத்தினாள்.

அக்காதான். எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை.

“பக்கத்துல யாரு கீறாங்க? மாமா கூட்டினு வந்தாரா? உண்மையைச் சொல்லு.”

கூடப் பிறந்தவள் மேலேயே சந்தேகம். வாயில் வந்தபடி திட்டினேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அம்மாவிடம் மட்டும் சொல் என்று வைத்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் மாட்டுக்கொட்டகையில் அம்மாவிடம் சொன்னேன். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. குரல் அவளுடையதுதானா, யாராவது அப்படிப் பேசினார்களா என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். சாவுச் செய்தியை ஒரு வார்த்தையில் நம்பியவள், உயிரோடு இருக்கிறாள் என்பதற்கு இத்தனை கேள்வி கேட்டாள். நான் எரிச்சலில் எழுந்து போய்விட்டேன்.

மறுநாள் மாமா வந்தார். யாரோ எதையோ சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பிள்ளை மறுபடி எதுக்கு மலைக்குப் போச்சு என்று அம்மாவைக் கேட்டார்.

“செத்தவளைப் பத்தி இன்னாடா பேச்சு?” என்றாள் அம்மா. “போ. போய்க் கடையைப் பாரு.”

அதைச் சொல்லும்போது அவள் சோறு தின்றுகொண்டிருந்தாள்.